நாரேக்கு வைத்த ஓட்ஸ்

எங்கள் பள்ளிக்கூடச் சமையலறையில் அவளை யாரும் சொக் போங்ஹி என்று கூப்பிட்டதில்லை. உடை மாற்றும் அறையில் அவளுடைய அலமாரிக் கதவில் மட்டும் அந்தப் பெயர் ஒட்டியிருந்தது. எங்களுக்கு அவள் நாரே அம்மா. பிள்ளை பெற்றவளைப் பிள்ளையின் பெயரால் கூப்பிடுவது இங்கே கொரியாவில் வழக்கம். நாரே இறந்த பிறகு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. எங்களில் மூத்தவளை எல்லோரும் பெரியக்கா என்போம். அவள் ஒருநாள் துணிந்து, "போங்ஹி, அந்த வாளியை இப்படித் தள்ளு" என்றாள். நாரே அம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை. புதிதாக யாரோ வேலைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தவள்போல் கதவுப் பக்கம் பார்த்தாள். அதோடு பழைய பெயரே நிலைத்துவிட்டது.

சோற்றுப் பகுதி அவளுடையது. எண்ணூறு பிள்ளைகளுக்கான அரிசியைக் கழுவி, ஊறவைத்து, பெரிய பாத்திரங்களில் ஏற்றுவாள். தண்ணீர் அளக்க அவளுக்கு எந்தக் கருவியும் வேண்டாம். அரிசியின்மேல் உள்ளங்கையைப் பரப்பி வைப்பாள். புறங்கை நனைந்தால் போதும். நாங்கள் அவசரப்படுத்தினால், "குடிக்கட்டும் விடுங்க. வயிறு முட்டக் குடிச்ச அரிசிதான் நல்லா வேகும்" என்பாள். குரல் பெரியது. சிரித்தால் பாத்திரம் கழுவும் இடம்வரை கேட்கும். எனக்கு அவ்வளவாகப் பேச வராது என்பதால் என் பங்கையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

இஞ்சியோனில் பழைய ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் நாலுமாடிக் கட்டடத்தில் அவள் மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. அவள் புருஷன் தெற்கே ஒரு தீவில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டிங் வேலை செய்தார். விடுமுறைக்கு வந்தால் தூங்குவார், போய்விடுவார். வீட்டில் இருந்ததெல்லாம் அம்மாவும் மகளும்தான்.

நாரேக்கு சியோலில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. விடியும்போதே ரயிலைப் பிடிக்க வேண்டும். அந்த ரயிலில் நின்றுகொண்டே தூங்கலாம், விழ மாட்டோம். விழ இடம் இருக்காது. காலையில் உட்கார்ந்து சாப்பிட அவளுக்கு நேரமே கிடையாது. அதனால் முந்தைய நாள் சாயங்காலமே ஓட்ஸை ஊறவைக்கத் தொடங்கினாள். நான் முள்ளங்கிக் கூட்டு கொடுக்க மேலே போன ஒருநாள் இருவரும் அதைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அடுப்பையே பார்க்காத கஞ்சி என்னடி கஞ்சி?"

"அம்மா, இது கஞ்சி இல்ல, ஓட்ஸ். இப்ப ஊறவச்சா காலைல ரெடி. எடுத்துட்டு ஓட வேண்டியதுதான்."

"குதிரைக்குப் போடறது."

"குதிரை எப்படி ஓடுது பாத்தியா? நானும் ரயிலைப் பிடிக்க ஓடத்தானே போறேன்."

"ஊரான் பிள்ளைங்க எண்ணூறு பேருக்குச் சுடச்சுட ஆக்கிப் போடறேன். எம் பொண்ணு பச்சையா, ஐஸ் மாதிரி திங்கிறா. வெளிய சொன்னா சிரிப்பாங்க."

"அப்ப வெளிய சொல்லாத. இன்சூன் சித்திகிட்ட மட்டும் சொல்லு. அவங்க யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டாங்க."

நான் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். நாரே எனக்குச் செய்து காட்டினாள். யூஜா என்ற எலுமிச்சைவகைப் பழப்பாகு வந்த வாயகன்ற கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாக ஓட்ஸ். ஒரு கரண்டி தயிர், ஒரு சின்ன ஸ்பூன் சியா விதை, தேன். பிறகு பால். மூடியை இறுக்கித் திருகி, ஃபிரிட்ஜின் மேல்தட்டில், கிம்ச்சி ஊறுகாயிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். "இல்லேன்னா கிம்ச்சி வாசம் பாலுக்குள்ள குடிவந்துரும் சித்தி" என்றாள். காலையில் வாழைப்பழத்தை அரிந்து மேலே போட்டு, பையில் வைத்து, மருத்துவமனை மேசையில் போய்ச் சாப்பிடுவாளாம். முதல் நாள் ஊறவைத்ததில் ஒரு ஸ்பூன் எடுத்து அம்மாவின் வாயருகே கொண்டுபோனாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆறிப் போனதை செத்தவங்கதான் திம்பாங்க. எனக்கு வேண்டாம்."

படையலில் வைத்த சோறும் சூப்பும் ஆறித்தானே போகும், அதைச் சொன்னாள். எங்கள் வீடுகளில் சாதாரணமாகப் புழங்கும் பேச்சுதான். அப்போது யாரும் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

மார்ச் மாதம் ஒரு காலை, ரயிலில் நின்றபடியே நாரேயின் தலைக்குள் நரம்பு வெடித்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் அவள் தூங்குவதாக நினைத்திருக்கிறார்கள். கூட்டம் இறங்கிய பிறகுதான் அவள் சரிந்தாள். எங்களுக்குச் செய்தி வந்தபோது சோறு வெந்துகொண்டிருந்தது. நான்தான் நாரே அம்மாவோடு மருத்துவமனைக்குப் போனேன்.

அங்கே ஒரு பெண் நாரேயின் பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். நாரே அம்மா வேறெதையும் தேடவில்லை. பாட்டிலை எடுத்தாள். வாழைப்பழ வட்டங்கள் மேலே அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

"ஒரு வாய்கூட சாப்பிடல" என்றாள்.

துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் அதையேதான் சொன்னாள். நரம்பு வெடித்தது, வலித்திருக்குமா, மணமாகாத பெண் இப்படிப் போய்விட்டாளே என்று மற்றவர்கள் எத்தனையோ பேசினார்கள். அவள் சொன்னது ஒன்றுதான். வெறும் வயிற்றோடு போய்விட்டாள். எங்கள் ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்ததும் முதலில் கேட்பது "சாப்பிட்டாச்சா?" என்றுதான். அந்தக் கேள்வி வந்தால் அவள் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள். யாரையும் அப்படிக் கேட்பதையும் நிறுத்தினாள்.

சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். புருஷனுடைய அண்ணன் அதுதான் முறை என்றார். அறுவடைத் திருநாளுக்குக் கணவனும் மனைவியும் அந்த அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். புதிய அரிசிச் சோறு, மீன், பழங்கள் எல்லாம் பெரியவர்களுக்குப் படைக்கத் தயாராக இருந்தன. நாரே அம்மா ஓரத்தில் ஒரு கிண்ணம் சோறு கூடுதலாக வைத்தாள். ஓரகத்தி அதைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவள் பேசியதை நாரே அம்மா பின்னால் என்னிடம் ஒரு சொல் மாறாமல் சொன்னாள்.

"பெத்தவங்க உசிரோட இருக்கறப்ப முந்திப் போனவளுக்குப் படையல் கிடையாது, தெரியாதா உனக்கு? கல்யாணம் ஆகல, பிள்ளை இல்ல. யாரு விழுந்து கும்பிடறது? நீயா? பெத்தவ பிள்ளை கால்ல விழுவாளா?"

"நான் விழறேன் அக்கா."

"விழுந்தா அவளுக்குத்தான் பாவம். கிண்ணத்தை உள்ள கொண்டுபோ."

புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். நாரே அம்மா கிண்ணத்தை உள்ளே கொண்டுபோய், அந்தச் சோற்றைப் பானையில் திரும்பக் கொட்டினாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், அந்த யூஜாப் பாட்டிலை எடுத்துக் கழுவினாள். அலமாரியில் நாரே வாங்கி வைத்திருந்த ஓட்ஸ் மிச்சம் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஓட்ஸ் ஊறவைத்தாள்.

மறுநாள் வேலைக்கு நடந்து போகும்போது என் கையைப் பிடித்தாள்.

"இன்சூன், அவ வந்தா."

"யாரு அக்கா?"

"ஓட்ஸுக்கு மேல ரெண்டு விரல் நிக்கற மாதிரி பால் ஊத்தி வச்சேன். காலைல பாத்தா பாலைக் காணோம். ஓட்ஸ் மட்டும் கெட்டியா இருக்கு. குடிச்சிட்டுப் போயிருக்கா."

என் கையைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தேன். இருபது வருஷமாக அரிசி குடிக்கும் தண்ணீரை அளந்த கை. ஊறவைத்த சோயா மறுநாள் எவ்வளவு பருக்கும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். தானியம் பாலைக் குடிக்கும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரிந்தது. "அப்படியாக்கா" என்றேன்.

அதற்குப் பிறகு தினமும் ஊறவைத்தாள். சமையலறையில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, அவளே சொன்னாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. பாலின் மட்டத்தை வைத்து அவள் மகளின் மனநிலையைச் சொல்லத் தொடங்கினாள்.

"நேத்து அத்திப்பழம் போட்டேன். அவளுக்கு ஆகல போல, கொஞ்சம் பால் மிச்சம் வச்சிட்டா."

"பழைய மாதிரி வாழைப்பழமே வை, நாரே அம்மா" என்றாள் பெரியக்கா, கீரையிலிருந்து தலையைத் தூக்காமல்.

கடையில் அந்த வகை ஓட்ஸ் தீர்ந்துபோய், தடித்த வகையை வாங்கியிருந்தாள் ஒருமுறை. அது மெதுவாகத்தான் ஊறும். மறுநாள் காலை பால் பாதிக்குமேல் அப்படியே நின்றிருக்கிறது. அன்று முழுக்க அவள் எங்களோடு பேசவில்லை. அரிசிப் பாத்திரத்தின் முன்னால் நின்று, "எம்மேல கோவம்" என்று மட்டும் சொன்னாள். அவள் வெளியே போனதும் பெரியக்கா என்னைப் பார்த்தாள். சாயங்காலம் பெரியக்காவும் நானும் மூன்று கடைகள் ஏறி இறங்கி, பழைய வகை ஓட்ஸ் பாக்கெட்டைக் கண்டுபிடித்து, நாரே அம்மாவின் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு வந்தோம்.

ஊறிய ஓட்ஸை அவள் சாப்பிடுவதில்லை. காலையில் நான் வாசலுக்கு வரும்போது, தெருமுனைக் கழிவுத் தொட்டியில் அதைக் கொட்டிக்கொண்டிருப்பாள். ஒருநாள் மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன்.

"தினம் கொட்டறீங்களே அக்கா. வயிறு காஞ்சுதானே வேலைக்கு வர்றீங்க. சாப்பிடலாமே."

அவள் நின்றுவிட்டாள்.

"படையலை நம்ம சாப்பிட்டா என்ன ஆகும்?"

எல்லோருக்கும் தெரிந்ததுதான். போனவர்கள் சாப்பிட்டு முடித்ததும் இருக்கிறவர்கள் அதைப் பகிர்ந்து உண்ண வேண்டும். அதோடு சடங்கு முடிந்தது; வந்தவர் கிளம்பலாம்.

"நான் ஒரு ஸ்பூன் எடுத்தேன்னா அவ செருப்பை மாட்டிருவா" என்றாள். "இன்னும் வயிறு நிறையல அவளுக்கு. நிறைஞ்சப்புறம் பாத்துக்கலாம்."

அன்றிலிருந்து எனக்கும் ஏதோ ஒட்டிக்கொண்டது. என் வீட்டுக் கூரைதான் அவள் வீட்டுச் சமையலறைத் தரை. விடியற்காலை துணி மடிக்கும்போது மேலே ஃபிரிட்ஜ் கதவு சாத்தும் சத்தம் கேட்கும். அவள் எழுந்துவிட்டாள் என்று நினைப்பேன். பிறகு கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் அறைக் கதவு திறக்கும், காலடி கேட்கும். பழைய கட்டடம், எந்த வீட்டுச் சத்தம் எங்கே வந்து கேட்கும் என்று சொல்ல முடியாது. நான் அவளிடம் இதைச் சொல்லவில்லை. குறைந்திருக்கிறதா என்று நானும் பார்க்கத் தொடங்கிவிடுவேனோ என்று, என் ஃபிரிட்ஜில் பால் வாங்கி வைப்பதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

நவம்பரில் யுன்ஜூ வேலைக்குச் சேர்ந்தாள். முப்பது வயதுக்காரி, கலகலப்பு. பிள்ளைகளுக்குப் பரிமாறி முடித்து நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது, பெரியக்கா அவளைக் கேலி செய்தாள்.

"இவ்ளோ சோத்தைப் போட்டுக்கிறியே, வீட்டுல எதுவும் தரலையா?"

"காலைல சாப்பிட்டேன் பெரியக்கா. ஆனா அது சோறு இல்லையே. ராத்திரி ஊறவச்ச ஓட்ஸ். ரெண்டு பிள்ளைங்களைக் கிளப்பிவிட்டு வரணும், அடுப்பு மூட்ட எங்க நேரம்?" நாரே அம்மாவின் பக்கம் திரும்பினாள். அவளைத் தவிர வேறு யாரும் அந்தப் பேச்சுக்கு நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீங்க செய்வீங்களாக்கா? பாலை மட்டும் தாராளமா ஊத்துங்க. அந்த ஓட்ஸ் இருக்கே, அவ்வளவையும் இழுத்துக்கும். காலைல பாத்தா ஒரு சொட்டு நிக்காது."

யாருடைய சாப்ஸ்டிக்கும் அசையவில்லை.

"ஏய், வாயில சோறு இருக்கறப்ப பேசாத" என்றாள் பெரியக்கா.

"நான் என்ன சொல்லிட்டேன்?"

"சரியாத்தானே சொல்றா" என்றாள் நாரே அம்மா. "இழுத்துக்கும்." பிறகு கிண்ணத்தில் இருந்த சோற்றை மெதுவாகச் சாப்பிட்டு முடித்தாள். தட்டைக் கழுவி வைத்தாள். மதியத்துக்குமேல் பெரிய பாத்திரங்களுக்குள் தலையை விட்டுத் தேய்க்கும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். வழக்கமாக யாரும் அதை விரும்பிச் செய்வதில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கடைக்குள் நுழைந்தாள். நான் வெளியே நின்றேன். ஒரு பால் பாக்கெட்டோடு வந்தாள்.

"இன்னிக்கு ஓட்ஸ் போடப் போறதில்ல. வெறும் பால் மட்டும் வைக்கப் போறேன்."

எனக்குப் புரிந்தது. பாலைக் குடிக்க அதில் தானியம் இருக்காது. குறைந்தால், குடித்தது நாரே.

"காலைல நீ மேல வா, இன்சூன். தனியாத் திறந்து பாக்க எனக்கு பயமா இருக்கு."

"என்ன பயம் அக்கா?"

"குறைஞ்சிருந்தாலும் பயம். குறையாம இருந்தாலும் பயம்." சிறிது தூரம் நடந்த பிறகு, "குறையாம இருந்தா, அவ அன்னிலருந்தே பட்டினி. இத்தனை நாளா நான் ஓட்ஸுக்குத்தான் ஊட்டியிருக்கேன்" என்றாள்.

மறுநாள் நான் போனபோது அவள் வேலைக்குப் போகும் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தாள். சமையலறை விளக்கைப் போடவில்லை. பாட்டிலில் பாலின் மட்டத்துக்கு ஒரு ரப்பர் வளையம் மாட்டியிருப்பதாகச் சொன்னாள். ஃபிரிட்ஜ் கதவில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திறந்தாள்.

மேல்தட்டில் பாட்டில் தனியாக இருந்தது. சிவப்பு வளையம். வளையத்தின் மட்டத்தில், ஒரு மயிரிழைகூடக் கீழிறங்காமல், பால்.

நான் பாலைப் பார்த்தேன். அவளைப் பார்க்க முடியவில்லை. கதவு திறந்தே இருந்ததால் ஃபிரிட்ஜ் பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. அவள் மூடவில்லை.

"குறையல" என்றாள்.

"ஆமாக்கா."

மூடி இறுகலாக இருந்தது, அவசரத்தில் போயிருப்பாள், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. நல்ல பேச்சு வருகிறவள் சொல்லியிருப்பாள். எனக்கு வரவில்லை. அவள் பாட்டிலை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். அதன் குளிர் சட்டையைத் தாண்டி அவளுக்குப் பட்டிருக்கும்.

"சின்னதுலருந்தே அப்படித்தான் அவ" என்றாள் கடைசியில். குரல் சாதாரணமாக இருந்தது. "வயிறு நிறைஞ்சிருச்சுன்னா ஒரு வாய் கூடுதலா வாங்க மாட்டா. துரத்தித் துரத்தி ஊட்டினாலும் பல்லைக் கடிச்சுக்குவா. நிறைஞ்சிருச்சு இன்சூன். அதான் தொடல."

அவள் அதை நம்பினாளா, எனக்காகச் சொன்னாளா, தனக்காகச் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றேன். ஃபிரிட்ஜின் வெளிச்சத்தில் அந்த முகம் எதையும் காட்டவில்லை. எனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுத்து, பாலைச் சரிபாதியாக ஊற்றினாள். ஒன்றை என் பக்கம் நகர்த்தினாள். இரு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். படையலில் பங்கு கொடுத்தால் அப்படித்தான் வாங்க வேண்டும். அவள் குவளையைத் தூக்கியவள் உதட்டருகே கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். இதைக் குடித்துவிட்டால் என்ன ஆகும் என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஃபிரிட்ஜ் கத்திக்கொண்டே இருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். நானும் குடித்தேன். பல் கூசியது.

வாசலில் நாரேயின் வெள்ளைக் காலணிகள் கிடந்தன. மார்ச்சில் கழற்றி விட்டபடியே, முனைகள் வீட்டைப் பார்த்து, ஒன்று லேசாகச் சரிந்து. அன்று அவள் வேறு காலணி போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். நாரே அம்மா குனிந்து அவற்றைத் திருப்பி, முனை வெளியே பார்க்கும்படி, கால் நுழைக்க வசதியாக, சேர்த்து வைத்தாள். கதவை அகலத் திறந்தாள். குளிர் உள்ளே வந்தது. ஒரு ஓரமாக ஒதுங்கி, ஒருவர் காலணி மாட்டிக்கொள்ளும் நேரம் நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

எங்கள் கட்டடத்து மாடிப்படி இரண்டு பேர் சேர்ந்து இறங்கும் அகலம். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, கைப்பிடிப் பக்கத்தைக் காலியாக விட்டு இறங்கினாள். பின்னால் போன நானும் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

ஒவ்வொரு மாடியின் திருப்பத்திலும் ஆள் வந்தால் தானாக எரியும் விளக்கு உண்டு. நாங்கள் மூன்றாம் மாடித் திருப்பத்தையே இன்னும் தாண்டவில்லை. கீழே, என் வீட்டு வாசலுக்கு நேரே, விளக்கு எரிந்தது. நான் எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. அது அணைந்ததும் அதற்கும் கீழே, முதல் மாடியில் ஒன்று எரிந்தது.

நாரே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளிவாசல் விளக்கும் எரிந்து அணையும்வரை, இருட்டில், சுவரோரமாக நாங்கள் இருவரும் அசையாமல் நின்றோம். பிறகு வேலைக்குப் போனோம்.